ஒன்பது பேர், ஐந்து பாய்: ஜிந்துப்பிட்டி அறை ஒன்றின் தொழில் கணக்கு

அந்த அறைக்கு ஒரே சாவிதான். அது யாருடைய சட்டைப் பையிலும் இருக்காது. கீழே தேநீர்க் கடையில், காசு மேசைக்குப் பின்னாலிருக்கும் ஆணியில் தொங்கும். எந்த நேரமும் மேலே யாராவது தூங்கிக்கொண்டிருப்பதால் சாவிக்கு அதிக வேலையும் இல்லை.

கொழும்பு ஜிந்துப்பிட்டியில், முருகன் கோயில் மணி காதில் விழும் தூரத்தில், மரப்படி ஏறிப் போகிற மாடி அறை அது. ஜன்னல் ஒன்று. சுவர் நெடுக ஆணிகள். ஆணிக்கு ஒரு பை, பைக்கு மேல் ஒரு காற்சட்டை. தரையில் ஐந்து பாய். குடியிருப்பவர்கள் ஒன்பது பேர். எல்லாரும் மலையகத்தில் பொகவந்தலாவப் பக்கம் ஒரே தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவு ஆட்கள். மூன்று லயத்துக்குள், அதாவது மூன்று வரிசை வீட்டுக்குள், அத்தனை பேரையும் அடக்கிவிடலாம்.

நான் அதற்குப் பக்கத்துத் தோட்டம். 2011இலிருந்து மூன்று வருடம் மூன்றாம் குறுக்குத் தெருக் கடையொன்றில் பில் எழுதியபோது மாதக்கணக்கில் இந்த அறையில் படுத்திருக்கிறேன். பிறகு 2018 தொடக்கம் 2025 வரை, ஆய்வு என்று சொல்லிக்கொண்டு விட்டுவிட்டுப் போய்வந்தேன். ஆட்களின் பெயரும் தோட்டத்தின் பெயரும் இதில் வராது. ஒரே ஓர் அறையை வைத்துக் கொழும்பிலிருக்கும் மலையகத்தார் அத்தனை பேரையும் பற்றிப் பேசிவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு கேள்விக்கு இந்த அறை போதும்: தோட்டத்திலிருந்து இறங்கி வருகிற பையன் கொழும்பில் என்ன வேலைக்குப் போகிறான், அதை முடிவு செய்வது யார்?

படிப்பு என்பார்கள். தரகர் என்பார்கள். நகரத்து ஆசை என்று தோட்டத்துத் துரைமார் சொல்வார்கள். இளைஞர்களுக்குக் கொழுந்து வாசமே பிடிக்கவில்லை என்று பத்திரிகையில் எழுதுகிறவர்களும் அதையேதான் வேறு சொல்லில் சொல்கிறார்கள். இந்த அறையில் வேலையை முடிவு செய்தது பாய்.

பாய்க் கணக்கு

2018இல் அறை இப்படி இருந்தது. இரவில் படுக்கிறவர்கள் ஐந்து பேர்: நான்காம் குறுக்குத் தெருவில் பகல் சுமை தூக்கும் பெரியவர், கெய்சர் வீதித் துணிக்கடையில் ஒருவர், பழைய சோனகத் தெரு இரும்புக் கடையில் ஒருவர், கொட்டாஞ்சேனைச் சலூனில் ஒருவர், செட்டியார் தெரு நகைப் பட்டறையில் எடுபிடியாக ஒருவர். பகலில் படுக்கிறவர்கள் நான்கு பேர்: மூவர் கொழும்பின் கடைத்தெருப் பகுதியான புறக்கோட்டையில் மெனிங் மொத்தச் சந்தையில் மரக்கறி இறக்குகிறவர்கள், ஒருவர் கொள்ளுப்பிட்டி அடுக்குமாடி ஒன்றில் இரவு செக்கியூரிட்டி. சந்தைக்காரர்கள் நள்ளிரவுக்கு எழுந்து போவார்கள். காலை ஒன்பது, பத்துக்கு வந்து விழுவார்கள். அவர்கள் வரும்போது கடைக்காரர்களின் பாயில் இன்னும் சூடு இருக்கும். பெரியவரின் பாய் மட்டும் யாருக்கும் பங்கில்லை. அந்த அறையில் அவருக்கிருந்த ஒரே பதவி அதுதான்.

சந்தைக்காரர்கள் முன்னிரவில் எங்கே இருப்பார்கள் என்று கேட்பீர்கள். படிக்கட்டில், தேநீர்க் கடை பெஞ்சில், கோயில் வாசலில். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஒன்றாக அறையில் இருந்தால் உட்காரத்தான் முடியும்.

தோட்டத்திலிருந்து ஒரு பையன் வரப்போகிறான் என்று தொலைபேசி வந்ததும் அறையில் முதலில் எழும் பேச்சு, அவன் என்ன படித்தான் என்பதாக இருக்காது. "பகல் பாயா, ராப் பாயா?" என்பதுதான். ராப் பாய் காலியென்றால் கடையில் விசாரிப்பார்கள். பகல் பாய் காலியென்றால் சந்தையில், இல்லாவிட்டால் செக்கியூரிட்டி வேலையில் சொல்லி வைப்பார்கள். அந்த வருடம் சாதாரண தரத்தில் கணக்குப் பாடத்தில் திறமைச் சித்தியோடு ஒரு பையன் வந்தான். துணிக்கடையில் ஆள் தேடிக்கொண்டுமிருந்தார்கள். ஆனால் ராப் பாய் ஐந்தும் நிறைந்திருந்தன. சந்தைக்காரர் ஒருவர் ஊருக்குப் போய்த் திரும்பாததால் பகல் பாய் ஒன்றுதான் காலி. கணக்கில் சி எடுத்தவன் பதினொரு மாதம் கரட் மூட்டை தூக்கினான். இரும்புக் கடைக்காரர் கத்தாருக்குப் போன பிறகுதான் அவனுக்கு ராப் பாய் கிடைத்தது, கடை வேலையும் கிடைத்தது. அவன் அதைக் குறையாகச் சொல்லவேயில்லை. "எடம் இல்லாம என்னாங்கண்ணே செய்ய முடியும்?" என்றான், பஸ்ஸில் சீட் கிடைக்காததைச் சொல்கிற மாதிரி.

வேறு அறை பிடிக்கலாமே? கொழும்பில் அறை என்றால் முற்பணம், தெரிந்த ஆள், அடையாள அட்டை, பொலிஸ் பதிவு. இந்தக் கடைசி இரண்டும் மலையகத்து ஆளுக்கு எப்போதும் இலேசாக இருந்ததில்லை. யுத்தக் காலத்தில் புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களில் தங்கியவர்களின் விவரத்தைப் பதிவுப் புத்தகத்தில் எழுத வேண்டியிருந்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் லொட்ஜ்களிலிருந்து 376 தமிழரை பஸ்ஸில் ஏற்றிக் கொழும்பைவிட்டு அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. அந்த வாரம் இந்த அறையில் ஏழு பேர் ஒரே நேரத்தில் உள்ளே அடைந்து கிடந்தார்கள் என்று பெரியவர் சொல்வார். அதற்குப் பிறகு, கிடைத்த அறையை விடக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம்.

நாட்டாமி

தமிழ்நாட்டில் நாட்டாமை என்றால் ஆலமரத்தடியில் தீர்ப்புச் சொல்கிறவர். புறக்கோட்டையில் நாட்டாமி என்றால் மூட்டை தூக்குகிறவர். சிங்களவரும் அதே சொல்லால்தான் கூப்பிடுகிறார்கள். ஒரு சொல் கடல் தாண்டி வந்து இப்படிக் கீழே இறங்கியதற்கு எந்த விளக்கம் கேட்டாலும் பெரியவர் சிரிப்பார்: "நாங்க வெலகச் சொன்னா கார்காரனும் வெலகுறான்ல? அதான் நாட்டாமி."

அவர் பிறந்தது 1964இல். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான அதே வருடம். 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று இரண்டு அரசாங்கமும் இந்திய வம்சாவளி மலையகத்து ஆட்களைப் பிரித்துக்கொண்டன. அவருடைய அப்பா இந்தியாவுக்கு எழுதிப் போட்டார். கடவுச்சீட்டும் வந்தது. கப்பலேறத் தாமதமானது. 1984இல் தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பல் நின்றது, பயணமும் நின்றது. அப்பாவின் இந்தியக் கடவுச்சீட்டு தகரப் பெட்டியில் கிடக்க, பிள்ளைகள் இலங்கையில் எந்தக் காகிதமும் இல்லாமல் வளர்ந்தார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகே பெரியவருக்குத் தேசிய அடையாள அட்டை கிடைத்தது. அப்போது வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அவர் ஏன் நாட்டாமி ஆனார் என்பதற்கான பதில் இதற்குள்தான் இருக்கிறது. 1981இல் பதினேழு வயதில் கொழும்புக்கு வந்தார். 83 கலவரத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினார். இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தார். அடையாள அட்டை கேட்காத வேலைகள் அன்று மூன்று: சாப்பாட்டுக் கடைக் குசினி, வீட்டு வேலை, மூட்டை. குசினியில் ஆறு மாதம் கோப்பை கழுவினார். பிறகு தோளைத் தயார்பண்ணிக்கொண்டார்.

தயார்பண்ணுவது என்றால் என்ன என்று ஒருநாள் காட்டினார். வெறும் சாக்கு ஒன்றை எடுத்து ஒரு மூலையை மறு மூலைக்குள் தள்ளி, தொப்பி மாதிரித் தலையில் மாட்டினார். சாக்கின் வால் முதுகில் தொங்கியது. 50 கிலோ சீனி மூட்டை அதன் மேல்தான் வந்து உட்காரும். தலையில் கால்பங்கு, இரண்டு தோளுக்கும் நடுவில் முக்கால்பங்கு. லொறியிலிருந்து தூக்கி வைக்கிறவன் "ஹரி" என்று சொன்னபிறகுதான் காலை எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் எடுத்தால் இடுப்பு போய்விடும். நடையும் எல்லாரும் நடக்கிற நடை இல்லை; முழங்காலை முழுதாக நிமிர்த்தாமல், குறுகிய எட்டாக, ஏறக்குறைய ஓட்டமாக. நின்றால்தான் பாரம் தெரியும் என்றார்.

கைவண்டிக்கு வேறு கணக்கு. இரண்டு சக்கரம், முன்னால் பிடிமரம். முன்பாரம் கொஞ்சம் கூட இருக்க வேண்டும். பின்பாரம் கூடிப்போனால் பிடிமரம் ஆளையே மேலே தூக்கிவிடும். முதல் வாரம் வந்த பையன்கள் நான்காம் குறுக்குத் தெரு நடுவில் காலை உதைத்துக்கொண்டு தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். கடைக்காரர்களுக்கு அன்றைய பொழுதுபோக்கு அதுதான். வண்டி சொந்தமில்லை, நாள் வாடகை. கூலி மூட்டைக்கு இவ்வளவு. மழை பெய்தாலும், துறைமுகத்தில் பெரிய வெங்காயம் தாமதித்தாலும், தீர்வை ஏறி இறக்குமதி படுத்தாலும் மூட்டை குறையும், கூலியும் குறையும். பெரியவர் செய்தித்தாளில் முதலில் படிப்பது வெங்காயத் தீர்வையைத்தான்.

யார் வேண்டுமானாலும் எந்தக் கடை வாசலிலும் போய் மூட்டை தூக்கிவிட முடியாது. அதற்கு "இடம்" இருக்க வேண்டும். இந்தக் கடைகளுக்கு வரும் லொறி இந்தக் கூட்டத்துக்கு என்று ஒரு பங்கீடு. பெரியவரின் இடம் அவருடைய தாய்மாமனிடமிருந்து வந்தது. அந்த மாமனுக்கு யார் கொடுத்தார் என்று கேட்டேன். "அவுங்க ஹார்பர்ல இருந்தவுங்க," என்று மட்டும் சொன்னார்.

ஹார்பர் என்ற ஒரு சொல்லில் நூறு வருடம் இருக்கிறது. கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதாங்கிக்கு 1875இல் அடிக்கல் வைத்தார்கள், 1885இல் வேலை முடிந்தது. காலித் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல்கள் இங்கே திரும்பின. நிலக்கரி ஏற்ற, பொதி இறக்க, தெருக் கூட்ட, மலக்கூடம் சுத்தம் செய்ய, ரிக்‌ஷா இழுக்க, பங்களாவில் சமைக்க என்று இந்தியாவிலிருந்து ஆள் வந்தார்கள். தோட்டத்துக்குப் போனவர்கள் வேறு, நகரத்திலேயே தங்கியவர்கள் வேறு என்று இரண்டு கிளை. 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலியாக இருந்த இந்தியத் தொழிலாளரை வேலையிலிருந்து நிறுத்த அரசு முடிவெடுத்தது. நேரு ஜூலையில் வந்து பேசிப் பார்த்தார். அந்த நாட்களில்தான் இங்கிருந்த இந்தியரின் அமைப்பான இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து பயிற்சியில்லாத தொழிலாளர் இலங்கைக்கு வருவதை இந்தியா தடுத்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கி மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. கடலிலிருந்து வருகிற கதவு சாத்திக்கொண்டபோது, மலையிலிருந்து இறங்கும் கதவு மெல்லத் திறந்தது. பெரியவர் போன்றவர்கள் அந்தக் கதவால் வந்தவர்கள்.

"என்ன நங்கி"

கடை வேலைக்கு வருவோம். துணிக்கடையில் நுழையும் பையன் முதலில் மாடியில் பேல் பிரிப்பான், தேநீர் வாங்கி வருவான், முதலாளியின் பிள்ளைக்குச் சாப்பாடு கொண்டுபோவான். வாசலுக்கு வருவதற்கு ஒரே ஒரு பரீட்சைதான். "என்ன நங்கி, பலன்ன!" என்று கூச்சமில்லாமல் கூப்பிடத் தெரிய வேண்டும். வாங்க தங்கச்சி, பாருங்க என்பது அர்த்தம். புதிதாக வந்தவன் காதில் அது "என்ன?" என்று அதட்டுகிற மாதிரிதான் விழும், சிங்களத்தில் வா என்பதும் தமிழில் கேள்வியும் ஒரே ஓசை. அந்த "என்ன" நாக்கில் கேள்வியாக இல்லாமல் அழைப்பாக வருகிற நாளில் சம்பளம் கூடுகிறது. அறையில் யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்பதை அவரவர் சிங்களத்தைக் கேட்டே சொல்லிவிடலாம். சலூன்காரர்தான் உச்சம். கிரிக்கெட், அரசியல், பெண்டாட்டி சண்டை எல்லாம் கத்தரிக்கோலோடு சேர்ந்து சிங்களத்தில் ஓடும். அறையில் சொந்தத் தொழில் என்று சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரே ஆளும் அவர்தான். 2023இல் தெமட்டகொடையில் இரண்டு நாற்காலியோடு சொந்தச் சலூன் போட்டார்.

சட்டம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 45. 1958ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதி என்கிற ஓய்வுகாலச் சேமிப்புக்கு முதலாளி நூற்றுக்கு 12, ஊழியர் நூற்றுக்கு 8. தற்காலிகமாகச் சேர்ந்தவருக்கும் முதல் நாளிலிருந்தே உண்டு. இதையெல்லாம் அறையில் விளக்கமாகச் சொன்னபோது என்னை யாரும் மறுக்கவில்லை. "ஒங்களுக்குப் போட்டாங்களாண்ணே?" என்று மட்டும் ஒருவன் கேட்டான்.

போடவில்லை. மூன்று வருடம் பில் எழுதினேன். மாதம் தவறாமல் சம்பளத்தில் "நிதிக்கு" என்று ஒரு தொகையைக் கழித்தார்கள். வேலையைவிட்டு ஒரு வருடம் கழித்து விசாரித்தபோது என் பெயரில் கணக்கே இல்லை. கடையின் பெயரை இங்கே எழுதிப் பயனில்லை. அந்தத் தெருவில் அந்தக் கடை தனி ஆளும் இல்லை. தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு எழுதினேன். பிறகு அதைக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அந்தக் கடையில் அப்போது என் அறைக்காரர் ஒருவர் வேலைக்குச் சேர்ந்திருந்தார். என் மனு அவருடைய ராப் பாயைப் பறிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆய்வாளனாக இதை எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. ஆனால் முறைப்பாடுகள் ஏன் வருவதில்லை என்று கேட்கிறவர்களுக்கு என்னிடமிருக்கும் சாட்சியம் இதுதான்.

சந்தை பாலம் தாண்டியபோது

2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையிலிருந்து கொவிட் பரவியது. மெனிங் சந்தையும் மூடப்பட்டது. சந்தைக்காரர்கள் மூவரும் சேர்ந்து அறையில் அடைபட்டார்கள். தோட்டத்துக்குப் போனால் கொழும்பிலிருந்து நோய் கொண்டுவந்தவன் என்று லயமே விலகி நிற்கும். போகாவிட்டால் கையில் காசில்லை. அந்த நாட்களில் ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் எப்படிப் படுத்தார்கள் என்று கேட்டேன். "படுக்கலை. மாத்தி மாத்தி உக்காந்தோம்."

நவம்பரில் பேலியகொடையில் புது மெனிங் சந்தையைத் திறந்தார்கள். ஒல்கொட் மாவத்தையிலிருந்த வியாபாரம் பிறகு களனி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. நெரிசல் குறையும், சுத்தம் வரும் என்றார்கள், அது பொய்யில்லை. சில கிலோமீற்றர் தூரம்தான். ஆனால் நள்ளிரவில் அங்கே போவதற்கு ஓட்டோக் கூலி கொடுத்தால் முதல் பத்து மூட்டை அதற்கே சரி. சந்தைக்காரர்கள் பேலியகொடைப் பக்கமே வேறு கூட்டத்தோடு ஒண்டிக்கொண்டார்கள். இங்கே மூன்று பகல் பாய் காலியானது. வாடகை குறையவில்லை, ஆறு பேர் பிரித்துக்கொண்டார்கள்.

அறை என்ன செய்தது என்பதுதான் முக்கியம். அடுத்து ஊரிலிருந்து வந்த மூன்று பையன்களும் இரவு செக்கியூரிட்டி ஆனார்கள். மூவரும் கடையில் நிற்க ஆசைப்பட்டு வந்தவர்கள். ஒருவன் உயர்தரம் வரை படித்தவன். பகலில் காலியாகக் கிடக்கும் பாய்க்கு இரவு வேலைதான் பொருந்தும். சந்தை போன பிறகு இரவு வேலை என்றால் செக்கியூரிட்டிதான். 2018இல் ஒருவர், 2022இல் நான்கு பேர். இதை எண்ணிக்கையாக மட்டும் பார்க்கிறவர் கொழும்பில் அடுக்குமாடிகள் கூடியதால் காவல் வேலை கூடியது என்று எழுதுவார். அதுவும் சரிதான். ஆனால் இந்த ஆட்கள் அந்த வேலைக்குப் போனதற்குக் காரணம் ஆற்றுக்கு அப்பால் போன ஒரு சந்தையும் வெறுமையாகக் கிடந்த மூன்று பாயும்.

அக்கா

நகைப் பட்டறைப் பையனுக்கு ஓர் அக்கா. அவளும் கொழும்பில்தான், பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டில். பத்து வருடத்துக்கு மேலாகிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு இரண்டு பேரும் காலிமுகத்திடலில் சந்திப்பார்கள். இறால் வடை அவள் வாங்கிக் கொடுப்பாள்; தம்பிக்குச் சம்பளம் கூடினாலும் அந்த வழக்கம் மாறவில்லை. ஒருமுறை நானும் கூடப் போனேன்.

அவளிடம் வேறு வேலைக்கு மாற நினைத்ததுண்டா என்று கேட்டேன். கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மாறணும்னா ரெண்டு நாளைக்கு எங்கயாச்சும் படுக்கணும்லங்க?"

இந்த ஆய்வில் நான் கேட்ட மிகத் தெளிவான வாக்கியம் அது. அவளுடைய பாய் முதலாளியம்மா வீட்டுக் குசினியில் இருக்கிறது. வேலை போனால் பாயும் போகும். ஆண்கள் கரட்டிலிருந்து இரும்புக்கும், இரும்பிலிருந்து கத்தாருக்கும் மாறியதற்கு இந்த ஓட்டை அறைதான் திண்ணையாக இருந்தது. பெண்களுக்கு அப்படியொரு திண்ணை கிடையாது. வீட்டுப் பணியாளருக்குச் சேமலாப நிதியும் இல்லை. அந்தச் சட்டம் அவர்களை வெளியே விட்டுவிட்டது. அவர்களைப் பற்றி நாட்டில் நிற்கிற பழைய சட்டம் 1871இல் வெள்ளைக்காரர் எழுதியது, அதுவும் அவர்களைப் பதிவு செய்வதற்காக. வேலைக்கு அமர்த்தக்கூடிய வயது 2021இல்தான் பதினான்கிலிருந்து பதினாறானது. அதே வருடம் கொழும்பு வீடொன்றில் வேலை செய்த மலையகச் சிறுமி தீக்காயம் பட்டு இறந்தபோது சில வாரம் ஊரே பேசியது. அக்கா வேலைக்கு வந்தபோது அவளுக்கு என்ன வயது என்று நான் கேட்கவில்லை. கணக்குப் போட்டால் தெரிந்துவிடும்.

காம்பரா

இனி மலைக்குப் போக வேண்டும், ஏனென்றால் ஐந்து பாயின் மறுமுனை அங்கேதான் கட்டியிருக்கிறது.

தோட்டச் சம்பளம் குறைவு, அதனால் ஓடி வருகிறார்கள் என்பது பாதிக் கதை. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது, 2024இல் அடிப்படை 1,350 ஆனது. 25 நாள் பேர் விழுந்தால், அதாவது 25 நாள் முழு வேலையாகப் பதிந்தால், 33,750. 2025 ஏப்ரலில் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000. தாளில் பார்த்தால் மலைதான் மேல். ஆனால் 25 நாள் வேலை யாருக்கும் கிடைப்பதில்லை. கொழுந்து 18 கிலோ, சில தோட்டத்தில் 20 கிலோ நிறுக்காவிட்டால் அரைப்பேர், அரைநாள் சம்பளம். வறட்சியில் அரைப்பேர்கூடத் திண்டாட்டம்.

அப்படியென்றால் குடும்பத்தோடு இறங்கிவிட வேண்டியதுதானே? காம்பரா விடாது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பரா கம்பெனியுடையது. உறுதிப் பத்திரம் எதுவும் கையில் இல்லை. ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். கீழ்ப்பிரிவுக்கு அது இன்னும் வரவில்லை. வீட்டில் ஒருத்தர் பேராவது செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டில், இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காம்பராவைக் கேட்பார்கள் என்பது அங்கே எல்லாரும் சொல்கிற பேச்சு. அப்படி யாரையாவது உண்மையில் வெளியேற்றினார்களா என்று துருவினேன். ஓர் உதாரணமும் கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு உதாரணம் தேவைப்படவில்லை. ஒன்பது பேரில் எட்டுப் பேருடைய வீட்டிலும் அம்மாவோ பெண்டாட்டியோ மருமகளோ கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டிருந்தாள். காம்பராவுக்கு வாடகையாக அவள் பேர் போகிறது. அவளுடைய பேர் கொண்டுவராததைக் கொழும்பு அனுப்புகிறது. இளைஞர்கள் மலையைவிட்டு ஓடுகிறார்கள் என்று சொல்வதைவிட, ஒரு குடும்பம் தன்னை இரண்டாகப் பிளந்து இரண்டு இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று சொல்வேன். வாக்குரிமையும் மேலே, பிள்ளையின் பள்ளிக்கூடமும் மேலே, பிணம் போகிற இடமும் மேலே. கீழே இருப்பது பாய் மட்டும்.

2025 ஒக்டோபரில் அது கண்முன்னால் நடந்தது. துணிக்கடைக்காரரின் அம்மா மலையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து படுத்தார். செக்ரோலில் அந்த வீட்டிலிருந்த ஒரே பேர் அவருடையது. துணிக்கடைக்காரர் பன்னிரண்டு வருடமாக அதே கடை. வாசலில் நின்றால் ஆட்களை இழுக்கிற நாக்கு. தீபாவளி வியாபாரம் நெருங்கியது. முதலாளி சம்பளத்தை இன்னும் கொஞ்சம் கூட்டுகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். அறையில் இரண்டு இரவு பேசினார்கள். பெண்டாட்டியின் பேரைப் பதியலாம் என்றார் ஒருவர். கைக்குழந்தை, அதைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவம் தூரம். தம்பியை அனுப்பலாம் என்றார் இன்னொருவர். தம்பி மலேசியாவுக்கு முற்பணம் கட்டியிருந்தான். பெரியவர் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் துணிக்கடைக்காரர் பையை ஆணியிலிருந்து எடுத்தார்.

பஸ்டியன் மாவத்தையில் ஹட்டன் பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "கவ்வாத்து வேலை தருவாங்களாம்ணே," என்றார், தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற வேலை. கவ்வாத்துக் கத்தியைக் கடைசியாக எப்போது பிடித்தார் என்று கேட்டேன். பதினாறு வயதில் என்றார். உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். துணி அளந்த கை, மெதுவாக இருந்தது.

அடுத்த வாரம் அறைக்குப் போனபோது அந்தப் பாயில் புதுப் பையன் ஒருவன் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். எட்டாம் வகுப்போடு நின்றவன். சலூன்காரர் அவனுக்கு எதிரே குந்தியிருந்து, "என்ன நங்கி" என்று சொல்லச் சொல்லிப் பழக்கிக்கொண்டிருந்தார். காலியானது ராப் பாய். கெய்சர் வீதியில் பேசியும் முடித்துவிட்டார்கள்.